வலைப்பூவுக்கு எடுத்த உபயம்

ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தரை வீட்டில் வைத்திருப்பது எளிதல்ல. கரவெட்டிப் பிரதேச செயலகத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்துவிட்டு வீட்டோடு வந்த முதல் மாதம், பழைய மின்சாரப் பட்டியல்களையெல்லாம் திகதி வாரியாகக் கோவைப்படுத்தினேன். இரண்டாம் மாதம் மனைவியின் ஊறுகாய்ப் போத்தல்களுக்கு இலக்கமிட்டேன். மூன்றாம் மாதம் அவர் தன்னுடைய வலைப்பூவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னைக் கணினிக்கு முன்னால் இருத்திவிட்டார். என் திறமையில் வைத்த நம்பிக்கை என்று அப்போது நினைத்தேன். சமையலறையைக் காப்பாற்ற எடுத்த நடவடிக்கை என்று இப்போது தெரிகிறது.

அவர் மனைப்பொருளியல் கற்பித்தவர். மருதனார்மடம் சந்தியில் உள்ள தையற்கடையில் விழும் வெட்டுத்துணிகளை உரப்பையில் கட்டிக்கொண்டு வருவார். அவை முயலாகும், யானையாகும், ஆமையாகும். ஒவ்வொன்றையும் எப்படி வெட்டுவது, எங்கே ஊசி குத்துவது, பஞ்சை எவ்வளவு அடைவது என்று படங்களோடு வலைப்பூவில் எழுதுவார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் இருப்பதுபோலத்தான் எழுதுவார். ஆனால் வகுப்பறையில் மேசை மேசையாகப் போய் யார் தைக்கிறார்கள், யார் அலட்டுகிறார்கள் என்று பார்க்கலாம். இங்கே அது முடியாது. "ஆரேன் ஒராள் பாத்துத் தைக்கினமெண்டு தெரிஞ்சால் காணும்" என்பார். வேறொன்றும் அவர் கேட்டதில்லை.

விளம்பரம் என்னுடைய யோசனை. வாசகர் வருகிறார்கள் என்றால் வருமானமும் வரட்டுமே என்று விளம்பரக் கம்பனிக்கு மனைவியின் பெயரில் விண்ணப்பித்தேன். விண்ணப்பங்களை நிராகரித்தே வயது போன எனக்கு, நிராகரிக்க முடியாத விண்ணப்பம் எழுதத் தெரியும். படிவம் வீட்டு இலக்கத்தையும் தெருப் பெயரையும் கேட்டது. எங்கள் விலாசமோ பிள்ளையார் கோவிலடி. கோவிலுக்கு எந்தப் பக்கம் என்று சேர்க்க இடம் தரவில்லை. ஆனாலும் விலாசத்தைச் சரிபார்க்கக் கம்பனி அனுப்பிய, இரகசிய இலக்கம் அடங்கிய கடிதம் ஆறு கிழமையில் வந்து சேர்ந்தது. தபாற்காரர் அதை வெளிநாடு போகும் அலுவல் என்று நினைத்து மனைவிக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். மறுகிழமை முயலின் படத்துக்குக் கீழே முதல் விளம்பரமாக ஓர் உழவு இயந்திரம் தோன்றியது. மனைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

உழவு இயந்திரம் வந்தது, வாசகர் வரவில்லை. வருகையைக் காட்டும் வரைபு ஆனையிறவு வெளிபோலத் தட்டையாகக் கிடந்தது. மனைவி ஒவ்வொரு காலையும் அதை எட்டிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் போடப் போய்விடுவார். அந்த எட்டிப் பார்த்தல்தான் என்னால் பொறுக்க முடியாமற் போனது. ஆகவே சுற்றறிக்கை விட்டேன்.

மனைவி இல்லாத குடும்ப வாட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. அவருடைய அறுபதாவது பிறந்தநாளை இரகசியமாக ஒழுங்கு செய்யத் தொடங்கிய குழு. விழா முடிந்தும் கலைக்கப்படவில்லை. அதில், அங்கத்தவர் ஒவ்வொருவரும் நாள்தோறும் வலைப்பூவைத் திறக்க வேண்டும், தோன்றும் விளம்பரங்களை ஆகக் குறைந்தது இரண்டு தடவை அழுத்த வேண்டும், விடயம் மனைவிக்குத் தெரியக் கூடாது என்று மூன்று பந்திகளில் அறிவித்தேன். கம்பனியின் விதிகளை நான் வாசிக்காமல் இல்லை. முழுவதையும் வாசித்த ஒரே மனிதன் உலகில் நானாகவும் இருக்கலாம். விளம்பரங்களை அழுத்தும்படி மற்றவர்களை ஊக்குவிக்கக் கூடாது என்று அதில் இருந்தது. நான் ஊக்குவிக்கவில்லை, பணித்தேன் என்று எனக்கு நானே விளக்கம் எழுதிக்கொண்டேன். இதே விளக்கத்தை என் கீழ் வேலைசெய்த ஓர் இலிகிதர் என்னிடம் கொண்டுவந்திருந்தால் அவரை நிற்க வைத்தே திருப்பி அனுப்பியிருப்பேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு காரியத்தைக் கொடுத்தால் அதை அவர்கள் திருவிழாவாக்காமல் விடமாட்டார்கள். கனடாவில் இருக்கும் மச்சாள், மனைவியின் தங்கை, இரண்டாம் நாளே உபயம் பிரித்துவிட்டாள். கோவில் திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு குடும்பம் பொறுப்பெடுப்பதுபோல, வியாழக்கிழமை கனடா, சனிக்கிழமை லண்டனில் இருக்கும் மச்சான் வீடு, மற்ற நாட்கள் மற்றவர்களுக்கு. உபயம் என்று வந்துவிட்டால் பிறகு போட்டிதானே. கனடா நாற்பது தடவை அழுத்தியது என்று குழுவில் அறிவித்தால், ஒரு கூட்டு மேளம் வைத்த உபயத்துக்கு மேலாக இரண்டு கூட்டு வைப்பதுபோல, சனிக்கிழமை லண்டன் நூறு அழுத்தும். நான் கேட்டது இரண்டு தடவை.

வரைபு எழும்பியது. மனைவி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வியாழக்கிழமைகளில் கனடாவில் இருந்து கனபேர் வருகிறார்கள், அங்கே அன்றைக்கு என்னவோ ஓய்வுபோல என்றார். நான் அப்படித்தான் இருக்கும் என்றேன். மறுகிழமை முதல் புதிய பதிவுகளை அவர் வியாழக்கிழமைகளில் போடத் தொடங்கினார். குளிர்நாட்டுப் பிள்ளைகள் விரும்புவார்கள் என்று யானைக்குக் கம்பளித் தொப்பி தைத்தார். தொப்பியில் காது வெளியே வர இரண்டு துவாரம் விட வேண்டியிருந்தது. அதற்காக மூன்று தொப்பிகளை வெட்டிப் பழுதாக்கினார். நாலாவது சரிவந்த அன்று அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் கம்பனியின் மின்னஞ்சல் வந்தது. செல்லுபடியாகாத அழுத்தங்கள் காரணமாகக் கணக்கு முடக்கப்படுகிறது, சேர்ந்த வருமானம் மீளப் பெறப்படுகிறது, கணக்கின் உரிமையாளர் மேன்முறையீடு செய்யலாம். உடனே குழுவில், மேற்படி சுற்றறிக்கை இத்தால் இரத்துச் செய்யப்படுகிறது என்று அறிவித்தேன். மச்சாள் குரற்செய்தி அனுப்பினாள். "அத்தான், கொடியேத்திப்போட்டுத் திருவிழாவை நிப்பாட்டினால் குற்றமெல்லோ?"

மேன்முறையீட்டை நானே அனுப்பியிருக்கலாம். கடவுச்சொல்லை உருவாக்கியவனே நான்தான். ஆனால் உரிமையாளர் அவர். அடுத்தவர் ஒப்பமிட வேண்டிய இடத்தில் நான் ஒருநாளும் ஒப்பமிட்டதில்லை. அப்படி ஒப்பமிட்ட மூன்று பேரை இடமாற்றியும் இருக்கிறேன். அன்று பின்னேரம் மனைவி ஒரு யானைக்குக் கண் தைத்துக்கொண்டிருக்கையில், கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, திகதி வாரியாக எல்லாவற்றையும் சொன்னேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவர் ஊசியை நிறுத்தவில்லை.

"அப்ப அந்த வியாழக்கிழமைக் கனடாக்காரர்?"

"உம்மடை தங்கச்சி."

"சனிக்கிழமை?"

"உம்மடை அண்ணை வீட்டுக்காரர்."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அப்ப வேறை ஒருத்தரும் வாசிக்கேல்லையோ?"

முப்பத்து நாலு வருட சேவையில் எத்தனையோ கேள்விகளுக்கு, பரிசீலனையில் உள்ளது என்று பதில் எழுதியிருக்கிறேன். அன்று கோவையைத் திறந்து மேன்முறையீட்டின் வரைவை எடுத்து நீட்டினேன்.

இணைப்புகளோடு ஏழு பந்தி தயாரித்திருந்தேன். அவர் வாசித்துவிட்டு ஒதுக்கிவைத்தார். "கேட்டது என்ரை மனுசன். அமத்தினது என்ரை ஆக்கள். எனக்கு ஆசையெண்டு செய்து போட்டினம். இவ்வளவும் எழுதினால் காணும்" என்றார். அப்படியே எழுதினோம். கம்பனி மிகுந்த மரியாதையோடு மறுத்துவிட்டது.

கம்பனி போகட்டும். மனைவியின் கேள்வி வீட்டுக்குள்ளேயே நின்றது. பதில் சொல்ல எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இரண்டு நாள் இருந்து வருகைப் பதிவுகளைக் கணக்காய்வு செய்தேன். கனடாவைக் கழித்தேன். லண்டனைக் கழித்தேன். மச்சாளுக்கு ஜேர்மனியில் ஒரு சிநேகிதி இருந்தது தெரியவந்து ஜேர்மனியையும் கழித்தேன். நான் திறந்த தடவைகளைக் கழித்தேன். மிஞ்சியது கொஞ்சம்தான். அதில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. திருகோணமலையில் இருந்து ஒரேயொரு வாசகர். எங்களுக்கு அங்கே சொந்தக்காரர் இல்லை. ஒரு கிழமைக்குள் ஒன்பது தடவை வந்திருந்தார். ஒன்பதும் முயலின் காதைப் பற்றிய அதே பக்கம்.

பெருமையோடு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்ததும் மனைவியின் முகம் சுருங்கியது.

"ஒம்பது தரமோ? ஒரு பக்கத்தை ஒம்பது தரம் பாக்கிறாவெண்டால் அவவுக்கு எங்கையோ விளங்கேல்லை."

அந்தப் பக்கத்தைத் திறந்து, விரலை வரிக்கு வரி வைத்துத் தானே வாசித்தார். காதைத் தைத்து உள்பக்கத்தை வெளியே திருப்பு என்று இருந்தது. திருப்புவதற்கு முன் வளைவு நெடுகத் துணியின் ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகள் போட வேண்டுமாம்; போடாவிட்டால் காது சுருங்கிக்கொண்டு நிற்குமாம். அந்த வரியை எழுத மறந்திருந்தார். எத்தனை வருடம் வகுப்பில் கையாலேயே காட்டியது, எழுத வேண்டும் என்று தோன்றவில்லை என்றார். அடுத்த மணித்தியாலம் நான் ஒரு காதை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வெட்டுப் போட்டுப் போட்டுப் படம் எடுத்தார். என் நகம் அழுக்கு என்று இரண்டு தடவை கைகழுவ அனுப்பினார். படத்தைப் போட்டு முடித்ததும், குழுவில் அறிவிக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளையிட்டார்.

மறுநாள் திருகோணமலை ஒரு தடவை வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துக்கு வரவில்லை. ஒரு கிழமை போனது, இரண்டு கிழமை போனது, வரைபு மறுபடியும் தட்டையானது. வாசகரை இழந்துவிட்டோம் என்று நான் அறிக்கை கொடுத்தேன்.

மனைவி வரைபைப் பார்த்தார். அதைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

"இனி ஏன் வாறா? காது திரும்பியிட்டுது" என்றார்.