இரண்டாம் பக்கத்தில் இறந்த கேப்டன்

இயற்பியல் வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ராக்கெட். நடையில் அப்படி ஒன்றும் வேகமில்லை. வாரம் ஒரு கதை எழுதிக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்கு வருவார். அதில் எப்படியும் ஒரு ராக்கெட் கிளம்பிவிடும். கதைக்குள் வேண்டுமென்றே ஒரு விஞ்ஞானத் தப்பை ஒளித்து வைத்திருப்பார். மணி அடிப்பதற்குள் அதைக் கண்டுபிடித்து, ஏன் தப்பு என்று கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். பரிசெல்லாம் கிடையாது. அடுத்த வாரக் கதையில் யார் சாக வேண்டும் என்று சொல்லும் உரிமை மட்டும் உண்டு. அதற்காகவே பிள்ளைகள் பாடப்புத்தகத்தைப் புரட்டினார்கள்.

பதினொரு வருஷமாக இப்படித்தான். அவர் வைக்காத தப்பை இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. இந்தப் பெருமையை அவர் வெளியில் சொல்வதில்லை. மனைவியிடம் மட்டும், வாரத்துக்கு ஒருமுறை.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் பழகியவளுக்குக் கணவரின் கிறுக்கலைத் தட்டச்சு செய்வது தூசு மாதிரி. கதைகளில் அவளுக்கு ஒரே ஒரு குறைதான்.

“என்னங்க, உங்க கேப்டன் இருக்கிற இடம் மனுஷன் வாழுற இடம் மாதிரியே இல்லையே. ஒரு படம் உண்டா, ஒரு கடிகாரம் உண்டா?”

“அது நிலாம்மா.”

“நிலான்னா மொட்டைச் சுவராத்தான் இருக்கணுமா?”

அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கதையில் பெண்டுலம் ஆடும் கடிகாரம் ஒன்றைக் கேப்டன் அறைச் சுவரில் மாட்டினார்.

அந்த வாரம் பார்த்துப் பள்ளி ஆய்வாளர் வந்தார். பிள்ளைக்குப் பாடத்துக்குப் பதிலாகக் கதை சொல்கிறார்கள் என்று யாரோ ஒரு பெற்றோர் எழுதிப் போட்டிருந்தார். தலைமையாசிரியை முதல் நாளே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“அவர் வேண்டாம்னு எழுதிட்டா கதை வகுப்பு அத்தோட முடிஞ்சுது சார். என்னால ஒண்ணும் பண்ண முடியாது. தயவுசெஞ்சு நாளைக்கு யாரையும் கொல்லாதீங்க.”

யாரையும் கொல்லாத கதைதான் கொண்டுபோனார். ஆய்வாளர் கடைசி பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க, உட்கார்ந்திருந்தார். நிலாவில் கேப்டன் குடியிருக்கும் அறையில் ஓட்டை விழுகிறது. மிச்சம் ஆறு மணி நேரத்துக்கான ஆக்சிஜன். கேப்டன் ஓட்டையை அடைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது சுவர்க் கடிகாரப்படி நாலு மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. வெளியே உதவிக்கு வந்த வண்டி கிளப்பிய தூசி மேகம்போல நெடுநேரம் மிதக்கிறது.

ஏழே நிமிடம். முன் பெஞ்சுக்காரன் எழுந்துவிட்டான்.

“காத்தே இல்லாத இடத்துல தூசி எப்படி சார் மிதக்கும்? கல்லு மாதிரி பொத்துனு விழுந்துடாது?”

ஆய்வாளர் ஏதோ குறித்துக்கொண்டார். ராக்கெட்டுக்கு மூச்சு வந்தது. அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. தூங்குமூஞ்சி என்று வகுப்பே கூப்பிடும் பெண்.

“சார், அந்தக் கடிகாரம்.”

“கடிகாரத்துக்கு என்னம்மா?”

“நிலாவுல ஈர்ப்பு ஆறுல ஒரு பங்குதானே? பெண்டுலம் மெதுவாத்தானே ஆடும்? அது நாலு மணி நேரம்னு காட்டினா, நிஜத்துல ஒம்பதே முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கும்.”

“சரி.”

“ஆக்சிஜன் ஆறு மணி நேரத்துக்குத்தான் இருக்கு. கேப்டன் ரெண்டாம் பக்கத்துலயே செத்துட்டார் சார். ஓட்டையை அடைச்சது யாருன்னுதான் தெரியலை.”

முன் பெஞ்சுக்காரன் மறுபடி எழுந்தான்.

“சார், இது நீங்க வெச்ச தப்பா, உங்க தப்பா?”

நான்தான் வைத்தேன் என்று சொன்னால் எல்லாரும் நம்பிவிடுவார்கள். பதினொரு வருஷப் பெருமையும் பிழைக்கும், வகுப்பும் பிழைக்கும். ஆனால் அந்தப் பெண் கண்டுபிடித்தது, அவர் ஒளித்து வைத்ததை வெறுமனே எடுத்துக் கொடுத்ததாக ஆகிவிடும்.

“என் தப்பு,” என்றார். “எனக்குத் தெரியவே தெரியாது.”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. யாருக்காகத் தட்டுகிறார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை.

“பாப்பா, அந்த ஒம்பதே முக்கால் எங்கேருந்து வந்துச்சு?” என்றார் ஆய்வாளர் பின்னாலிருந்து.

“ஆறோட வர்க்கமூலம் சார். ரெண்டு புள்ளி நாலஞ்சு. நாலால பெருக்குங்க.”

ஆய்வாளர் பெருக்கினார். அடித்துவிட்டு மறுபடி பெருக்கினார். மணி அடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை. பெஞ்சிலிருந்து அவரை எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

மறுவாரம் அறிக்கை வந்தது. தலைமையாசிரியை அதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் அவரைக் கூப்பிட்டார்.

“நடத்தலாமாம் சார். ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு கதையிலும் எத்தனை பிழைன்னு முன்கூட்டியே எழுதித் தரணுமாம். தெரியப்படுத்தாத பிழை இருக்கக் கூடாதாம்.”

“எதுல எழுதித் தரணும்?”

“படிவம் அனுப்பியிருக்கார். மூணு பிரதி.”

ராக்கெட் அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கதையின் தலைப்பு, எழுதினார். பக்கங்கள், நான்கு. பிழைகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, ‘என் அறிவுக்கு எட்டியவரை ஒன்று’ என்று எழுதி, மற்ற இரண்டு பிரதிகளிலும் அதையே எழுதினார்.