உள்ளங்கையில் ஒரு செம்பனை

மலேசியாவில் ரெம்பாவ் பக்கம், ஒரு செம்பனைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் தொழிலாளர்களுக்குக் கண் பரிசோதனை செய்யப் போயிருந்தேன். செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் வந்தார். அண்ணாந்து பார்த்தே பின்னால் சாய்ந்துவிட்ட கழுத்து. மூக்குக்கண்ணாடியை ஓயாமல் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மரத்து மேல காய் எது, பழம் எதுன்னே தெரியல மேடம். வேலைய விட்டுறலாம்னு இருக்கேன் லா."

அந்தக் கண்ணாடி ஹேண்ட்போன் பார்ப்பதற்காகப் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கியது. அதையே தோட்டத்துக்கும் போட்டுப் போயிருக்கிறார். அதைக் கழற்றியதும் சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்தார். ஆனாலும் கண்ணாடிதான் காரணம் என்று நம்பவில்லை.

கண்ணாடியை வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்னால் உள்ளங்கையை விரிக்கச் சொன்னேன். கையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஓரிடத்தில் கை நின்றதும், வெளியே நின்ற செம்பனை குட்டியாக, தலைகீழாக, தெளிவாகக் கையில் விழுந்தது.

"தூரத்து வெளிச்சத்த இது கண்ணுக்குள்ள சீக்கிரமே குவிச்சிடுதுண்ணே. கிட்ட பாக்க மட்டும் போடுங்க."

வெறுங்கண்ணோடு வாசலில் போய் அண்ணாந்தார்.

"பழுத்திருச்சு, நாளைக்கு வெட்டணும்," என்றார்.

நான் கார் எடுத்தபோது, அதே வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் மனைவியின் கையை விரித்துப் பிடித்திருந்தார். அந்த அம்மா, மரம் வழுக்கி விழுந்துவிடும் என்பதுபோல், அசையாமல் நின்றார்.