அம்மா உட்காராத சோபா

இன்னைக்கு கேகாலையில குஷன் கடை வச்சிருக்கிற முஸ்லிம் நானாவ எங்க தேயிலைத் தோட்டத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். எங்க வீட்டு சோபா செதில் செதிலா உரியுது.

அம்மாவுக்கு முழங்கால் வலின்னு அண்ணன் கட்டார்ல இருந்து காசு அனுப்பி வாங்கினது. வந்த அன்னைக்கே லேபல்ல "லெதர்"னு இருந்தத நான் பெருமையா சத்தமா வாசிச்சேன்.

"மாட்டுத் தோலா? விளக்கு ஏத்துற வீட்டுலயா?"ன்னாங்க அம்மா.

அதோட சரி. நாங்க சோபாவுல சாஞ்சுக்கிட்டு டீவி பாப்போம், அவங்க கீழ பாயில. எந்திரிக்கிறப்பக்கூட சுவரத்தான் புடிச்சுக்குவாங்க. சோபாவத் தொடமாட்டாங்க.

நானா உரிஞ்ச இடத்தக் கிள்ளிக் காட்டினாரு. உள்ள வெறும் துணி.

"இது தோலே இல்ல தங்கச்சி. லேபல்ல பி.யு. லெதர்ன்டு இருக்கே, பாக்கல்லயா? அப்பிடின்டா துணிக்கு மேல பிளாஸ்டிக் பூச்சு. மாட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அம்மா கேட்டுக்கிட்டே நின்னாங்க. அப்புறம் மெதுவா வந்து, சோபா கையப் புடிச்சு உட்கார்ந்தாங்க.

"மெத்துனுதான் இருக்கு."

ரொம்ப நேரம் எந்திரிக்கல. நானாவும் அவசரப்படுத்தல. எந்திரிச்சப்ப சேலை பூரா கறுப்புச் செதில்.

உங்க வீட்டு சோபா லேபல்ல லெதருக்கு முன்னால என்ன எழுதியிருக்கு? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நான் அந்த ரெண்டு எழுத்த விட்டுட்டு வாசிச்சதுல, எங்கம்மா நாலு வருஷம் தரையில இருந்துட்டாங்க.