தாய்மாமன் சீருக்காக வாங்கிய கம்ப்யூட்டர்

கல்யாண வீடியோ தொழிலில் எடுத்ததற்கு யாரும் பாராட்ட மாட்டார்கள். விட்டுப்போனதற்கு மட்டும் ஆயுள் முழுக்கப் பதில் சொல்ல வேண்டும்.

நான் படித்தது அஞ்சாங்கிளாஸ். முப்பது வருஷமாக அரியலூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் காதுகுத்து, கல்யாணம் என்று கேமரா பிடிப்பவன். படம் எடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். அதை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்கிற மிக்சிங் வேலை திருச்சியில் ஒருவரிடம் போகும். உங்களில் பலருக்கும் இதே பிழைப்புதான். வீட்டிலேயே மிக்சிங் பண்ண ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று கிளம்பிப் போய், விலையைக் கேட்டுவிட்டு ஒரு டீயோடு திரும்பி வந்த அன்பர்களே, இதெல்லாம் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அரை நிமிடச் சீர்

தா.பழூரில் ஒரு காதுகுத்து. பிள்ளையின் அம்மா வளர்மதி. அவள் அண்ணன் செல்வராசு கொத்தனார். தங்கச்சி கல்யாணத்தின்போது கையில் வேலை இல்லாததால் ஒரு குத்துவிளக்கோடு மண்டபத்துக்கு வந்தவர். அதை மாப்பிள்ளை வீட்டார் பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் காதுகுத்துக்கு மேளத்தோடு ஐம்பத்தொரு தட்டு கொண்டு வந்தார். முன்னால் ஒரு கிடா, நடுவில் தலையில் பித்தளை அண்டாவோடு அவரே. பஸ் நிறுத்தத்திலிருந்து மண்டபம் வரைக்கும் பதினெட்டு நிமிடம். பின்னாலேயே நடந்து ஒரு தட்டு விடாமல் எடுத்தேன்.

மிக்சிங் முடிந்து வந்தபோது அந்தப் பதினெட்டு நிமிடம் அரை நிமிடமாகியிருந்தது. அதிலும் பாதியை மிக்சிங்கில் தூவிவிட்ட ரோஜா இதழ்களும் இதயங்களும் மறைத்தன. செல்வராசுவோ, தங்கச்சி வீட்டார் சொல்லித்தான் நான் வெட்டினேன் என்று முடிவு கட்டிவிட்டார். அன்றோடு தங்கச்சியிடம் பேச்சை நிறுத்தினார். வளர்மதி போனில் அழுதாள். "பொங்கச்சீருக்கும் அண்ணன் வராதாம். நீங்கதான் ஏதாச்சும் செய்யணும்ண்ணே" என்றாள். பொங்கலுக்குப் பிறந்த வீட்டுக் கரும்பு வராத வீட்டில் பெண்ணுக்கு என்ன பேச்சு விழும் என்று எனக்குத் தெரியும். உடனே மிக்சிங் ஆளைக் கூப்பிட்டு, திரும்ப முழுசாகச் சேர்த்துக் கொடு என்றேன். அவன் பெயரைச் சொன்னால் அவனுக்கு விளம்பரம், சொல்லமாட்டேன். ஆனால் அவன் சொன்னது எழுத்து மாறாமல் நினைவில் இருக்கிறது.

"தட்டு தட்டா நின்னு பாக்குறதுக்கு அது என்ன பாத்திரக் கடையாண்ணே? அப்புடி வேணும்னா நீங்களே மிக்சிங் பண்ணிக்குங்க."

தூக்கிப் பார்த்தது

சரி, நானே பண்ணிக்கொள்கிறேன் என்று மறுநாளே பெரம்பலூர் பஸ் ஏறினேன். எடுத்த படம் முழுதும் என் ஹார்டு டிஸ்கில் அப்படியே இருந்தது. வேண்டியது மிஷின்தான். கடையில் ஏழெட்டுப் பெட்டிகள் வரிசையாக நின்றன. நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் இருக்கும். அந்தக் காலத்தில் கேமரா தோளை அழுத்தினால்தான் அது நல்ல கேமரா. கனமில்லாததை மண்டபத்தில் ஒருவனும் மதிக்க மாட்டான். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு பெட்டியாக இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தேன். கடைசியில் இருந்தது நல்ல கனம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏழு நிறத்தில் விளக்கு. இதைக் கொடுங்கள் என்றேன்.

கடைக்காரர் அதுவரை என்னை உட்காரச் சொல்லவில்லை. எனக்குப் பிறகு வந்த ஒரு பேண்ட் சட்டைக்காரருக்கு நாற்காலி போட்டார். அதனால் இன்றைக்கும் அந்தத் தெருவில் போனால் எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பேன். ஆனாலும் அவர் சொன்ன ஒரு வார்த்தை என் பணத்தைக் காப்பாற்றியது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"பெரியவரே, நீங்க தூக்குறது வெறும் தகரத்தையும் கண்ணாடியையும். உள்ள மிக்சிங் பண்ற சாமானெல்லாம் சேத்தாலும் ஒரு தேங்கா கனம் வராது."

ரெஜினாவின் சீட்டு

அரியலூரில் ஃப்ளெக்ஸ் பேனர் போடுகிற கடையில் வேலை பார்ப்பவர் ரெஜினா. சொந்த ஊர் ஏலாக்குறிச்சி. காலேஜ் போகிற பெண்ணுக்கு அம்மா. பேனருக்காக நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவர். அவரிடம் போனேன். கையில் எவ்வளவு இருக்கிறது என்று எல்லோரும் முதலில் கேட்பார்கள். அவர் கேட்டது, "என்ன கேமரா? ஒரு கல்யாணத்துக்கு எத்தனை மணி நேரம் எடுப்பீங்க?" என்றுதான். பிறகு மண்டபத்துச் சமையலை வைத்து விளக்கினார். ப்ராசசர் என்பது தலைமைச் சமையல்காரரின் கைவேகம். ராம் என்பது காய் நறுக்கப் பரப்பி வைக்கிற மேஜை. டிஸ்க் என்பது சாமான் அறை. சமையல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மேஜை சின்னதாக இருந்தால் பந்தி நேரத்துக்குச் சாம்பார் வராது.

ஒரு பேனர் துண்டின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார். ஆறு கோர் ப்ராசசர், அதிலேயே கிராபிக்ஸ் இருக்க வேண்டும், தனி கார்டு பிறகு சம்பாதித்து வாங்கிக்கொள்ளலாம். ராம் பதினாறு ஜிபி, கூடுதலாகச் செருக இடம் காலியாக இருக்க வேண்டும். வேலை செய்ய ஒரு எஸ்எஸ்டி, படங்களைப் போட்டு வைக்கப் பெரிய ஹார்டு டிஸ்க் ஒன்று தனியாக. பவர் சப்ளையிலும் யுபிஎஸ்ஸிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது. மானிட்டர் பழசு போதும். எல்லாம் சரி, ஆனால் விளக்கு எரிகிற பெட்டி மட்டும் என் மனசை விட்டுப் போகவில்லை. அது இருந்தால் வாடிக்கையாளர் மதிப்பாரே என்று இழுத்தேன்.

"கலர் லைட்டு எரிஞ்சாதான் மிக்சிங் நல்லா வரும்னா, எங்கூரு மாதா தேர்லயே உக்காந்து பண்ணலாம்ண்ணே."

போர்வை

சீட்டில் உள்ளபடியே சாமான்களைச் சேர்த்து மிஷின் வீட்டுக்கு வந்தது. எங்கள் தெருவில் சிமெண்ட் லாரி போகும். காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் பேர் எழுதலாம். கேமராவுக்கு எப்போதும் உறை போட்டே வேலை செய்து பழகியவன் நான். அதே மாதிரி இதற்கும் கெட்டித் துணியில் உறை தைத்து, பட்டனுக்கு மட்டும் ஓட்டை விட்டு மாட்டினேன். ரெஜினா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வெட்டவும் ஒட்டவும் சொல்லிக் கொடுத்தார். பெரிய ஃபைல் திக்கினால் சின்னக் காப்பி எடுத்து அதில் வெட்டிக்கொள்ளலாம், கடைசியில் மிஷினே அசலுக்கு மாற்றிக்கொள்ளும் என்பதையும் அவரிடம்தான் கற்றேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கடைசி வேலையைத் தவிர. முழுப் படத்தையும் ஒன்றாகச் சேர்க்கச் சொன்னால் பத்தாவது நிமிடத்தில் மிஷின் தானாக அணைந்துவிடும். நாலு நாள் அப்படியே. பொங்கலுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. சாமான் விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று அவனையும் என் கோபப் பட்டியலில் சேர்த்து, சண்டைக்குச் சட்டையும் மாட்டிவிட்டேன். காப்பி கொண்டுவந்த என் வீட்டுக்காரி சரோஜா பெட்டியின் மேல் கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்து, உறையை உருவிப் போட்டாள். அன்று சாயங்காலமே முழுப் படமும் ஓடி முடிந்தது. சாமான் விற்றவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். அந்தப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை நான் எடுத்தது அதுதான் முதல் தடவை. உறையை உருவும்போது சரோஜா சொன்னது இதுதான்.

"மனுசனுக்கு மூச்சு முட்டுனா சட்டப் பொத்தானக் கழட்டி வுடுவோம். நீங்க கம்பளிய போத்தி வுட்டுட்டு ஏன் மயக்கம் போடுதுன்னு கேக்குறீங்க."

பக்கத்து வரப்புக்காரர்

நடுவில் ஒரு வெள்ளோட்டமாக வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு வளைகாப்பை மிக்சிங் பண்ணினேன். வீட்டுக்காரர் பைக்கிலேயே வந்து என் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஓரத்தில் நிற்கிற மீசைக்காரரை எடுத்துவிடச் சொன்னார். வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லையாம். எனக்கு அந்தக் கோபம் நன்றாகப் புரிந்தது. ஆனால் மீசைக்காரர் எல்லாக் காட்சியிலும் நின்றார். எடுத்தால் வளைகாப்பே இருக்காது என்றேன். முதலிலிருந்து ஓட்டிக் காட்டச் சொன்னார். மீசைக்காரரின் மனைவி பிள்ளைத்தாய்ச்சிக்கு வளையல் போட்டுக் கன்னத்தில் சந்தனம் தடவுகிற இடம் வந்தது.

"சரி, இருந்துட்டுப் போறாரு. அந்தம்மா நம்ம புள்ளைக்கு வளையல் போட வந்துச்சுல்ல, அதுக்குத் தொணைக்கு வந்தாருன்னு வச்சுக்குவோம்."

பதினெட்டு நிமிடம்

போகிக்கு முந்தின நாள் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செல்வராசு வீட்டுக்குப் போனேன். ஜெயங்கொண்டம் தாண்டி உள்ளே ஒரு ஊர். அவர் வாசலிலேயே நின்றார். "இன்னும் வெட்டுறதுக்கு என்ன இருக்கு?" என்றார். தங்கச்சி வீட்டார் யாரும் சொல்லவில்லை, வெட்டியது திருச்சிக்காரன், அவனிடம் கொடுத்தது என் தப்பு என்றேன். தப்பு என்ற சொல்லை நான் அடிக்கடி சொல்கிறவன் இல்லை. அவர் ஒதுங்கி வழியை விட்டார். அவர் மனைவி பென் டிரைவை டிவியில் செருகினார்.

கிடா வந்தது. மேளம் வந்தது. இதழும் இல்லை, இதயமும் இல்லை. தட்டு தட்டாகப் போயிற்று. செல்வராசு நின்றபடியே உதட்டசைவில் எண்ணிக்கொண்டிருந்தார். அண்டாவோடு அவரே வந்தபோது உட்கார்ந்தார். ஐம்பத்தொன்றாவது தட்டும் மண்டபப் படி ஏறுகிறவரை திரையில் அவர் அண்டாவோடு படியோரம் நின்றார். வாசலில் நின்ற வளர்மதி கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்து அண்ணன் தலையிலிருந்த அண்டாவைத் தானே கை கொடுத்து இறக்கினாள். அரை நிமிடச் சீரில் அது இல்லவே இல்லை. செல்வராசு ரிமோட்டை வாங்கி அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை ஓடவிட்டார். பிறகு மனைவியைப் பார்த்து, கரும்புக்காரனிடம் இன்னொரு கட்டு சொல்லச் சொன்னார். கடைசியில்தான் என் பக்கம் திரும்பினார்.

"பொங்கலன்னிக்குத் தங்கச்சி வூட்டுக்குக் கரும்பு எடுத்துட்டுப் போறேன், கேமராவோட வந்துருங்க. இந்தத் தடவை ஒரு கணுவைக்கூட வெட்டக் கூடாது."

கோபத்தை விட்டுவிடு என்று எனக்குச் சொல்லாத ஆள் இந்த இரண்டு மாவட்டத்திலும் கிடையாது; ஆனால் திருச்சிக்காரன் மேல் இருந்ததை நான் அன்றே விட்டிருந்தால் இன்று என் வீட்டில் கம்ப்யூட்டரும் இல்லை, வளர்மதி வீட்டில் கரும்பும் இல்லை.