ஒத்தக்காது டெய்லர்

உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியபடியே "கையத் தூக்குங்க" என்கிறார் டெய்லர். வலது காதில் இயர்போன் ஒயர் செருகியிருக்கிறது. இடது காதுக்கானது சட்டை மேல் ஊசலாடுகிறது. அந்தக் காது நமக்கு. கடைத்தெருவில் அவருக்கு 'ஒத்தக்காது' என்று பெயர். அவருக்கும் தெரியும், கோபித்துக்கொள்வதில்லை.

ஒயரின் மறுமுனையில், தையல் மெஷின் பலகை மேல், பாதித் தீப்பெட்டி அளவில் ஒரு எம்பி3 பிளேயர் சார்ஜரோடு கட்டிப்போட்ட மாதிரி கிடக்கிறது. பேட்டரி உப்பிவிட்டது. பின்மூடி பிளந்துகொள்ளாமலிருக்க எலாஸ்டிக் துண்டைச் சுற்றியிருக்கிறார். கரண்ட் போனால் பாட்டும் போச்சு. "போன்ல ஏத்திக்கலாமே" என்று அவருக்குப் புத்தி சொல்லாதவர்கள் கிடையாது. நானும் சொன்னேன். காதில் வாங்கவில்லை.

பாட்டுகள் வரிசை மாறி வரும். அடுத்து எது என்று அவருக்கே தெரியாது. எப்போதாவது மெஷின் சட்டென்று நின்றுவிடும். "நூல் அறுந்துடுச்சு" என்பார். வெகுகாலம் நம்பினேன். ஒருநாள் எட்டிப் பார்த்தேன், நூல் முழுசாக இருந்தது. மாட்டிக்கொண்ட பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

பிளேயர் வாங்கிய புதிதில் அவர் மனைவி பாட்டுக் கேட்கப் பார்த்திருக்கிறார். சிவப்புப் புள்ளி போட்ட பொத்தான்தான் பாடும் என்று நினைத்து அழுத்தியிருக்கிறார். அது பதிவு செய்கிற பொத்தான். பாட்டு வரவில்லை, அந்த அம்மாள் திட்டியதுதான் உள்ளே போய் உட்கார்ந்தது. "பாடித் தொலையேன். வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? ஆளும் பொட்டியும் ஒண்ணு." அப்புறம் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். பாட்டுகளுக்கு நடுவே அது வரும்போதுதான் மெஷின் நிற்கும்.

அதன் பிறகு அந்த அம்மாளுக்குத் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷனில் உயிர் பிழைத்தது, குரல் போயிற்று. இப்போது பேச்செல்லாம் கையும் கண்ணும்தான்.

"முன்னெல்லாம் இவ கொஞ்ச நேரம் வாய மூடமாட்டாளான்னு இருக்கும்" என்றார் டெய்லர். "பாவி, அப்படியும் நெனச்சிருக்கேன்."

ஊசியில் கோத்த நூலையே மறுபடி கோத்துக்கொண்டிருந்தார்.

"இது மட்டும் அவ காதுல விழவே கூடாதுங்க. தாங்கமாட்டா. போன்ல ஏத்தினா, என்னைக்காவது அவ முன்னாடி சத்தமா கேட்டுத் தொலைக்கும். இங்கேயே கிடக்கட்டும். இது இருக்கிற வரைக்கும் கேட்டுக்கறேன்."

அது இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்று நான் கேட்கவில்லை. உப்பிய பேட்டரி இருவர் கண்ணுக்கும் தெரிந்தது.

போன வாரம் சட்டை வாங்கப் போனேன். அந்த அம்மாள் சாப்பாடு கொண்டுவந்து, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது.

"நூல் அறுந்துடுச்சு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே, அடுத்த பாட்டுக்குத் தாவ டெய்லர் அவசரமாகக் கையை நீட்டினார். அந்த அம்மாள் அந்தக் கையைப் பிடித்துப் பலகையோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். சட்டை மேல் ஊசலாடியதை எடுத்துத் தன் காதில் வைத்தார். டெய்லரின் முகத்தைப் பார்த்தபடியே உதடுகள் அசைந்தன, சத்தமில்லாமல், ஒரு சொல் பிசகாமல்: ஆளும் பொட்டியும் ஒண்ணு.