பிடியை விட்ட மனிதர்

எண்பதுகளின் தொடக்கம். கொழும்பில் நீச்சல் போட்டிகளோடு அலைந்த காலம் முடிந்து, நான் கல்முனைக்குத் திரும்பியிருந்தேன். பெருநாள் பின்னேரங்களில் கடற்கரையில் சனம் நிறைந்துவிடும். கடலில் குளிப்பவர்களுக்குக் காவலாக நானும் கூட்டாளிகளும் கரையில் நிற்போம். எவ்வளவு சந்தோசமான நாட்கள் அவை!

அப்படியொரு பெருநாளில் ஒரு பெண் அலறினார். "இவரக் கடல் இழுக்குது, ஆராவது ஓடி வாங்களேன்!"

அவருடைய கணவர் வரிப்பத்தான்சேனை என்ற ஊரின் விவசாயி; நீந்தத் தெரியாதவர். நான் நீந்திப்போய்ச் சேர்ந்ததும் இரண்டு கைகளாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இருவரும் தாழ்ந்தோம். எனக்கு மூச்சு முட்டியது. எப்படியோ மேலே வந்து, அண்ணனைக் காக்கா என்று அழைக்கும் எங்கள் ஊர் வழக்கில் கத்தினேன்.

"காக்கா, கழுத்த உடுங்க! நான் உங்கள உடமாட்டன்!"

தாழ்கிறவர் பிடித்த பிடியை விடமாட்டார் என்றுதான் எனக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்தார். கைகளை விட்டார். கண்களை மூடி, இறைவன் ஒருவனே என்னும் கலிமாவை முணுமுணுத்தபடி தண்ணீரில் மல்லாந்தார். அவரை அணைத்துக்கொண்டு கரைக்கு நீந்தினேன்.

மணலில் கிடந்து அவர் மூச்சு வாங்கியபோது கேட்டேன். "எப்படிக் காக்கா கைய உட்டீங்க?"

"உடமாட்டன் எண்டு நீங்க சொன்னீங்கதானே, தம்பி."

அதுவரை அவர் என்னைக் கண்டதே இல்லை. என் பெயரும் அவருக்குத் தெரியாது.

இப்போது நான் கடலில் இறங்குவதில்லை. ஆனாலும் யாரிடமாவது "பயப்படாதீங்க" என்று சொல்வதற்கு முன் ஒரு கணம் யோசிக்கிறேன். அந்த ஒரு சொல்லை நம்பித் தங்கள் உயிரையே ஒப்படைத்துவிடுகிற மனிதர்கள் இருக்கிறார்கள்.