எண்பதுக்கும் எண்பத்தொன்றுக்கும் நடுவே

மெட்ரோ கதவு மூடும் மணி ஒலித்ததும் ஆராவமுதன் தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறார். "ரெண்டாவது மணி ஒரு இழை தூக்கல். கேட்டேளா?" என்கிறார் என்னிடம். எனக்குக் கதவு மூடியது மட்டும்தான் தெரிந்தது.

மல்லேஸ்வரத்தில் எங்கள் கீழ்வீட்டுக்காரர். எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருளில் பிழை தேடும் உத்தியோகம். அதையே வீட்டில் சம்பளமில்லாமல் செய்கிறார். சங்கீதத்தில் பிரமாண சுருதி என்று ஒன்று உண்டு. காந்தாரம் என்ற ஸ்வரத்தை இரண்டு வழியாகக் கணக்கிட்டால் இரண்டும் ஒன்று சேராமல் நடுவே ஒரு மயிரிழை தங்கிவிடும்; எண்பதுக்கும் எண்பத்தொன்றுக்கும் உள்ள வித்தியாசம்தான். அதைக் காதால் பிடிப்பவர்கள் ஊரில் சிலர் இருக்கலாம். பிடித்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாதவர் இவர்தான். தெருவில் கீரை விற்கும் சந்திரம்மாவிடம், "கடைசியில ஸ்வல்ப எறக்கிக் கூவுங்கோ, சரியாயிடும்" என்றிருக்கிறார். "எல்லாரும் வெலையத்தான் எறக்கச் சொல்வாங்க சார்" என்று அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இதில் அகப்பட்டுக்கொண்டவர் அவர் மனைவி ரமா. நல்ல குரல். கல்யாணமான புதிதில் சமையலறையில் பாடுவாராம். வரிக்கு வரி குளியலறையிலிருந்து திருத்தம் வரவே, பாட்டையே விட்டுவிட்டார். அந்த மனிதர்மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

இந்த நவராத்திரிக்குக் கோயிலில் பாட ரமாவுக்கு அரைமணி நேரம் கொடுத்தார்கள். "வாங்கோ, வேண்டாங்கலை. ஆனா வாயத் தொறக்காம சும்னே உக்காந்துண்டிருக்கணும். ஒரு எடத்துல திருத்தினேள்னாலும் எழுந்துண்டுடுவேன். அப்புறம் ஜென்மத்துக்கும் பாடமாட்டேன்" என்று கணவரிடம் சொல்லித்தான் அழைத்துப் போனார். பக்கவாத்தியம் எதுவும் இல்லை. மின்சாரச் சுருதிப் பெட்டி மட்டும்தான். அதைக் கவனிக்கிற பொறுப்பைக் கொடுத்துக் கணவரைப் பக்கத்திலேயே உட்காரவைத்தார்.

இரண்டாவது பாட்டில், பயத்தினாலோ என்னவோ, ரமாவின் குரல் பெட்டியைவிடச் சற்றே மேலே போய் நின்றுவிட்டது. எனக்கே உறுத்தியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ரமாவுக்கும் தெரிந்துவிட்டது. இறங்கவும் வரவில்லை. பாடிக்கொண்டே ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தார். இதோ அவர் திருத்தப்போகிறார், ரமா எழுந்துவிடப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

ஆராவமுதன் கூட்டத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். கை மட்டும் மெல்லப் பெட்டியின் பின்பக்கம் போய், அங்கிருந்த திருகைத் தொட்டு, பெட்டியின் சுருதியை மனைவியின் குரலுக்கு ஏற்றிவைத்தது.